ஆயாவின் முகத்துக்கு ஒளி அளந்த நாட்கள்

பிப்ரவரி 2, ஞாயிறு. திருப்பாதிரிப்புலியூர்.

இந்தப் பருவத்துக்கான பயிற்சியை ஆசிரியர் அறிவித்துவிட்டார். பெயர் பெற்ற ஒளிப்படக் கலைஞர்கள் மூவரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் ஒளியையும் பின்னணியையும் கையாண்ட முறையில் ஆளுக்கோர் உருவப்படம் எடுத்து, நான்கு வாரத்துக்குள் பிரிண்ட் போட்டுத் தர வேண்டும். மூன்றும் வண்ணப்படங்களாக இருக்க வேண்டும். முகத்தின் நிறத்தைப் பிறகு கணினியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

மூன்றில் இரண்டுக்காவது ஆயாவைத்தான், அதாவது என் பாட்டியைத்தான், உட்கார வைக்கப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு சித்தப்பா மகளின் திருமண ஆல்பம் வந்தபோது, அதில் ஆயாவின் முகம் அரிசி மாவு பூசியதைப் போல வெளுத்திருந்தது. கழுத்தும் கைகளும் மட்டும் அவருடைய சொந்த நிறத்தில் இருந்தன. ஆயா பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருடி?" என்று கேட்டார். கடையில் போய்க் கேட்டதற்கு, எல்லாருக்கும் அப்படித்தான் செய்வதாகவும், வாடிக்கையாளர்களே அப்படிக் கேட்டு வாங்குவதாகவும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "பொண்ணு நல்ல கலர்" என்றால் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு நிறம்தான் பொருளாகிறது. ஆயாவின் நிறம் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறது. எழுபத்தெட்டு வயதில் தன் முகத்தைத் தானே அடையாளம் தெரியாமல் ஒருவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்.

இன்று முழுவதும் படிப்பிலேயே கழிந்தது. வண்ணப் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படங்களை அச்சிடும் லேப்களுக்கு ஓர் அளவுகோல் படத்தை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைத் தோலுடைய ஒரு பெண் இருப்பார். அவர் முகம் சரியாக விழும்படி இயந்திரத்தைத் திருத்திக்கொண்டால் மற்ற எல்லாப் படங்களும் சரியாக இருக்கும் என்பது கணக்கு. முதலில் படத்தில் நின்ற பெண்ணின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்றே அழைத்தார்கள். கருத்த தோலுடையவர்களை அதே அளவில் அச்சிட்டபோது கண்ணும் பல்லும் தெரிந்தனவே தவிர, கன்னத்தின் நெளிவும் நெற்றியின் சுருக்கமும் இருளில் மூழ்கிப்போயின. பிறகு அந்த நிறுவனம் கருமையின் நுட்பங்களில் கவனம் செலுத்தியதற்கு, சாக்லெட் வகைகளின் வேறுபாடும் மரச்சாமான்களின் ரேகையும் விளம்பரப் படங்களில் தெரியவில்லை என்று அந்தந்தத் தொழில்காரர்கள் சொன்ன குறையும் ஒரு காரணம் என்று படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இப்போது நம் கையில் இருப்பது டிஜிட்டல் கேமரா. ஆனாலும் அதில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும், கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பல் என்றே எண்ணுகிறது. சட்டம் நிறையக் கருத்த முகம் இருந்தால், இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டி முகத்தைச் சாம்பலாக்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அதே முகத்தை நிறுத்தினால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து முகத்தைக் கரியாக்கும். இரண்டிலும் தப்பு மீட்டருடையது அன்று. அதை அப்படியே நம்புகிற கையினுடையது.

பிப்ரவரி 8, சனி. புதுச்சேரி.

காலை ஏழு மணிக்கே தோழியை அழைத்துக்கொண்டு ரோமன் ரோலண்ட் வீதிக்குப் போனேன். படம் எடுக்க வருகிற எல்லாரும் நிற்கிற அந்த மஞ்சள் சுவரில்தான் நாங்களும் தொடங்கினோம். அவள் என்னைவிடக் கொஞ்சம் கருப்பு. சுவரில் சாய்ந்து நின்றபோது, எதிர்வெயில் சுவரில் பட்டுத் தெறித்து அவளுடைய தாடைக்குக் கீழும் காதோரத்திலும் மஞ்சளாக ஏறியது. நேரில் கண்ணுக்கு அது தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காமாலை கண்டவரைப் போலத் தெரிகிறது. நான்கடி முன்னால் வரச் சொன்னதும் மஞ்சள் விலகி, தோலின் செம்பழுப்பு திரும்பியது. பின்னணியின் நிறம் பின்னணியிலேயே நிற்பதில்லை என்பதை இந்தச் சுவர் ஒரு நாழிகையில் புரிய வைத்துவிட்டது.

திரும்பும் வழியில் அரவிந்தர் ஆசிரமத்தைக் கடந்தோம். 1950 ஏப்ரலில், இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் இங்கே வந்து அரவிந்தரைப் படமெடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். கறுப்பு வெள்ளையில் எடுத்த அந்தப் படங்களில் முகத்துக்கும் தாடிக்கும் இடையே உள்ள ஒளியின் படிநிலைதான் எல்லாமாக இருக்கிறது. வண்ணத்தின் மீது கார்த்தியே-பிரெசோனுக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அவர் ஜெய்ப்பூரில் படமெடுத்ததை 1966இல் அருகிருந்து பார்த்த இளைஞர் ரகுபீர் சிங், பிற்பாடு அவருக்கு நேர் எதிரான முடிவுக்கு வந்து, இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க முடியும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். குருவைப் போற்றிக்கொண்டே அவரோடு மாறுபடுவது எப்படி என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. என் மூவரில் ஒருவர் ரகுபீர் சிங்.

பிப்ரவரி 9, ஞாயிறு. பெரிய மார்க்கெட்.

ரகுபீர் சிங் பெரும்பாலும் கோடாக்குரோம் பிலிமில் எடுத்தார். அது ஸ்லைடு பிலிம். வெளிச்சத்தில் தவறு செய்தால் பிறகு திருத்த வழி குறைவு. மனிதரைத் தனியே பிரித்தெடுக்காமல், அவரைச் சுற்றியுள்ள சைக்கிள், துணி, சுவரொட்டி, பாதி தெரியும் இன்னொரு முகம் என எல்லாவற்றையும் சட்டத்தின் ஓரம் வரை நிரப்புவார். ஆனால் கண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் போய் நிற்கும். தமிழ்நாட்டுக்கென்றே தனியாக ஒரு நூலும் செய்திருக்கிறார்.

பெரிய மார்க்கெட் எனப்படும் குபேர் அங்காடியின் மீன் பகுதியில் ஒரு அம்மாவிடம், "ஒரு படம் எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "எடு பாப்பா, மீன் வாங்காமப் போவாத" என்றார். அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒன்றரை மணி நேரம் நின்றேன். அவருக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் வழியே இறங்கிய ஒளி எல்லாவற்றையும் நீலமாக்கியது: பனிக்கட்டி நீலம், கத்தி நீலம், சங்கராவின் சிவப்பு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. அவர் முகத்தில் மஞ்சள் பூசியிருந்தார்; அந்த மஞ்சளின் மேல் நீலம் விழுந்த இடத்தில் கன்னம் பச்சையாகத் தெரிந்தது. ஒளியின் நிறச்சாயலை ஈடுசெய்கிற ஒயிட் பேலன்ஸை முகத்துக்குச் சரிசெய்தால் பின்னால் வெயிலில் நிற்கிறவர்கள் செங்கல் நிறமாகிறார்கள். வெயிலுக்குச் சரிசெய்தால் இவர் பச்சையாகிறார். எந்தப் பொத்தானாலும் இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது.

பத்து மணிக்கு மேல் வெயில் நகர்ந்து, தார்ப்பாயின் ஓரத்துக்கு வெளியே ஒரு முழம் அகலத்துக்குத் தரையில் விழுந்தது. யாரோ சில்லறை கேட்க, அவர் எட்டிக் கொடுப்பதற்காக முன்னால் குனிந்தார். ஈரச் சிமெண்டுத் தரையிலிருந்து தெறித்த வெள்ளை ஒளியில் அவர் முகம் முழுதாக, தன் நிறத்தில், ஒரு நொடி வந்தது. அந்த நொடியை எடுத்துவிட்டேன். பின்னணி முழுக்க நீலம். முகம் மட்டும் வெயிலின் கணக்கில். இந்தப் படத்தை நான் எடுத்தேன் என்பதைவிட, காத்திருந்ததற்குக் கிடைத்தது என்பதே சரி.

பிப்ரவரி 13, வியாழன்.

படம் எடுக்கவில்லை. பேருந்தில் கடலூர் வரும் வழியெல்லாம், ஜன்னலோர முகங்களில் எது எத்தனை ஸ்டாப் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும்.

பிப்ரவரி 16, ஞாயிறு. மொட்டை மாடி.

இரண்டாவதாக ரிச்சர்ட் அவெடன். 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்குப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களையும் ஊர் ஊராக அலைந்து பிழைப்பவர்களையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் நிழலில் நிறுத்தி, 8க்கு 10 அங்குலப் பிலிம் போடும் பெரிய கேமராவால் எடுத்தவர். பின்னணியை முழுவதும் நீக்கிவிட்டால் முகமும் உடையும் கையும் மட்டுமே பேசும் என்பது அவருடைய முறை. அவருடையவை கறுப்பு வெள்ளை; நான் அந்த ஒழுங்கை வண்ணத்தில் சோதித்தேன்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அப்பாவின் இரண்டு எட்டு முழ வேட்டிகளைச் சேர்த்துக் கட்டி, ஆயாவை முன்னால் நிறுத்தினேன். மீட்டரை அப்படியே விட்டு எடுத்த முதல் படத்தில் ஆயாவின் முகம் கரிக்கட்டை. ஒன்றே முக்கால் ஸ்டாப் கூட்டினேன். இப்போது முகம் வந்தது. ஆனால் வேட்டியின் வெள்ளை பொங்கிக் கன்னத்தின் இரு ஓரங்களையும் அரித்தது. இரு பக்கமும் கருப்புக் குடைகளை விரித்து வைத்து அந்தக் கசிவைத் தடுத்த பிறகுதான் முகத்துக்கு ஒரு கரை கிடைத்தது.

தொழில் அளவில் படம் தேறிவிட்டது. ஆனால் ஆயா அதில் இல்லை. "ரேஷன் கார்டுக்கா எடுக்கிற?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பெரும்பாலான நாட்களில் அவர் ஏதோ ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்: முறம், கீரைக்கட்டு, பேரன் கழற்றிப் போட்ட சட்டை. எல்லாவற்றையும் விலக்கியதும் அவரையும் சேர்த்து விலக்கிவிட்டேன். இந்த முறையைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் ஆயாவுக்கு அது ஒத்துவரவில்லை என்று மட்டும் தெரிகிறது.

பிப்ரவரி 22, சனி. வீட்டுத் திண்ணை.

சேதூ கெய்த்தாவை மூன்றாவதாக வைத்தது நல்லதாயிற்று. மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்டூடியோ தொடங்கியவர். முதலில் அவருக்குப் பின்னணித் துணியாக இருந்தது தன் கட்டிலில் விரிக்கிற விரிப்புதான். சில ஆண்டுகளுக்கொருமுறை துணியை மாற்றியதால், எந்தத் துணி பின்னால் இருக்கிறதோ அதை வைத்தே படத்தின் காலத்தைச் சொல்வாராம். பூப்போட்ட துணிக்கு முன்னால் கட்டம் போட்ட உடையோடு மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை கோலங்களுக்கு நடுவிலும் கருத்த முகம் தெளிந்த நீர் போல அமைதியாக இருக்கும். கருத்த தோலுக்காகவே ஒளி வைத்த ஒருவரின் படங்களைப் பார்க்கும்போது, அங்கே முகத்தை யாரும் வெளுக்க வேண்டிய தேவையே எழவில்லை என்பது தெரிகிறது.

ஆயாவின் திருமணச் சீரில் வந்த பவானி ஜமக்காளத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டைகள். ஆயா சுங்குடிப் புடவை கட்டி, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, மடியில் முறத்தோடு உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கத் தொடங்கினார். ஜமக்காளத்தின் சிவப்பு முகத்தில் ஏறாதிருக்க மூன்றடி இடைவெளி விட்டேன்; அந்தப் பாடம் மஞ்சள் சுவர் சொன்னது. தெருவிலிருந்து திண்ணைக்கு வருகிற வடக்கு ஒளி போதுமானதாக இருந்தது. இடப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை வைத்தேன். பளபளப்பு வராதிருக்க முகத்தைத் துடைக்கச் சொல்ல நினைத்து, பிறகு சொல்லவில்லை. தேங்காய் எண்ணெயின் அந்த மினுக்கம்தான் நெற்றியின் மேட்டையும் கன்ன எலும்பையும் வரைந்துகொண்டிருந்தது. வெளிர்த்த தோலில் நிழல் செய்கிற வேலையைக் கருத்த தோலில் மினுக்கம் செய்கிறது.

சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை ஆயாவின் கன்னத்தில் வைத்து, அது சொன்னதைவிட ஒரு ஸ்டாப் குறைத்தேன். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மூச்சு நின்றது. கருவிழியைச் சுற்றி, வயதானவர்களுக்கு வருகிற மெல்லிய நீலச் சாம்பல் வளையம் இருந்தது. முன்கையில் பச்சை குத்திய புள்ளிக்கோலம், தோலின் கருமைக்குள் கடல்பாசி நிறத்தில் தெரிந்தது. இருபது ஆண்டுகளாகப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்தக் கோலத்தில் எத்தனை புள்ளி என்று இன்றுதான் எண்ணினேன். ஒன்பது.

மார்ச் 1, சனி.

லேபில் 12க்கு 18 அங்குலத்தில் மூன்று பிரிண்ட் கொடுத்தேன். முதல் சோதனைப் பிரதி வந்தபோது ஆயாவின் முகம் ஒரு படி வெளுத்திருந்தது. இயந்திரத்தில் முகத்தைத் தானாகத் திருத்துகிற வசதி இயக்கத்தில் இருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். "கருப்பா வரும், பரவாயில்லையா?" என்று இயக்குகிற அண்ணன் அக்கறையோடுதான் கேட்டார். "ஆமாம் அண்ணா, அவங்க கருப்புதான்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மறு பிரதி எடுத்து, பளபளப்பில்லாத தாளில் போட்டால் கருமையின் மேல் விளக்கொளி அடிக்காது என்று அவரே தாளை மாற்றித் தந்தார்.

மார்ச் 2, ஞாயிறு.

ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பிரிண்டையும் பார்த்தார். வேட்டிக்கு முன்னால் நின்றதை ஓரமாக வைத்தார். மீன்கார அம்மாவைப் பார்த்து, "சங்கரா என்ன விலை சொன்னா?" என்று கேட்டார். ஜமக்காளப் படத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, முறத்தின் ஓரம் பிய்ந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். அதைக் கட்டித் தரச் சொல்லி ஒரு மாதமாகிறது என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு கூடத்துச் சுவரைக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் எடுத்து, உதட்டுக்கும் கன்னத்துக்கும் கையால் ரோஜா நிறம் தீட்டிய தாத்தாவின் படம் அங்கே தொங்குகிறது.

"அவரு பக்கத்துல மாட்டு. வெயில் படாத பக்கமா."

ஆணி அடிக்க அப்பா சுத்தியல் தேடிக்கொண்டிருக்கிறார். ஆசிரியரிடம் தருவதற்கு நாளை காலை இன்னொரு பிரதி போட வேண்டும்.