தொப்பி இல்லாத பட்டம்

பட்டுச்சேலையில் பொத்தான் கிடையாது. அங்கி வாங்கும் வரிசையின் முடிவில் நின்றபோதுதான் இது ஒரு பிரச்சினை என்று எங்களுக்குத் தெரிந்தது. பட்டதாரி அங்கிக்கு மேலே போட்டு முதுகில் தொங்கவிடும் ‘ஹூட்’ என்ற துணியின் கழுத்தடியில் சின்ன நூல்வளையம் ஒன்று இருக்கும். சட்டை போட்டவர்கள் அதைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். சேலை உடுத்தவருக்கு அது தொண்டையில் ஏறி நெரிக்கிறது. இழுத்துவிட்டால் முழுத்துணியும் பட்டில் வழுக்கி முதுகுப்பக்கமாக இறங்குகிறது. மகள் கைப்பையைக் கிளறி மூன்று சேலை ஊசிகளை எடுத்து, ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு, தாயின் தோளில் வேலையைத் தொடங்கினாள்.

“அம்மா, கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொண்டு நில்லுங்கள்.”

“ஏழு வருடமாக அப்படித்தானே நிற்கிறேன்” என்றாள் என் மனைவி.

2023ஆம் ஆண்டு வசந்தகாலம், லண்டன் பார்பிக்கன் மண்டபம். அவளுக்கு 46 வயது. கணிதத்தில் விஞ்ஞானமாணி, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. ஹரோவிலிருந்து மெற்றோபொலிட்டன் ரயிலில் ஏறினால் மாறாமல் வந்து இறங்கிவிடலாம். அந்த அரைமணி நேரமும் அவள் ஒரு சொல் பேசவில்லை. நான்தான் தேவையில்லாமல் பேசிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கதையில் எனக்குப் பெருமைப்பட அதிகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் லண்டனுக்கு வந்தது 1990இல். உயர்தரப் பரீட்சையில் பொறியியல் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவாக எடுத்து, மறுமுறை எழுதலாம் என்று இருந்த நேரத்தில் நாட்டைவிட்டுக் கிளம்பியவன். வந்து மூன்றாம் மாதமே ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. மாற்றுவேலையாள் வந்து விடுவித்து, அறைக்குத் திரும்பினால் தூக்கம் வராது. தொலைக்காட்சியைப் போட்டால், பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில், அகலக் காலர் சட்டையும் தாடியும் வைத்த ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பார். எந்த நேரம்! ஊரே உறங்கும் நேரம். யாருக்காக இந்த மனிதர் இப்படிக் கத்துகிறார் என்று நினைத்து அணைத்துவிடுவேன்.

அது திறந்த பல்கலைக்கழகத்தின் பாடம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ‘வானலைப் பல்கலைக்கழகம்’ என்று 1963இல், பின்னாளில் பிரதமரான ஹரோல்ட் வில்சன் சொன்ன யோசனை. அதைப் பிடித்துக்கொண்டு நிறைவேற்றியவர் ஜெனி லீ என்ற அமைச்சர், சுரங்கத் தொழிலாளியின் மகள். 1969இல் அரச பட்டயம் கிடைத்து, 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவனுக்காகத்தான் அந்தத் தாடிக்காரர் அந்த நேரத்தில் கத்தினார். அதாவது எனக்காக. 2006 இறுதியில் அந்த ஒளிபரப்பே நின்றுபோனது. பதினாறு வருடம் என் வீட்டுக்குள் வந்து கூப்பிட்ட பல்கலைக்கழகத்தைப் பதினாறு வருடமும் நான் அணைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் தாத்தாமார் காலத்தில் கதை நேர்மாறு. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்குத்தான் மாணவரைத் தயார் செய்தது. இலங்கைக்கென்று சொந்தமாகப் பல்கலைக்கழகம் வந்தது 1942இல். அவர்கள் லண்டனைக் காணாமலே லண்டன் பரீட்சை எழுதினார்கள். நான் லண்டனில் இருந்துகொண்டு ஒரு பரீட்சையும் எழுதவில்லை. வாகன ஓட்டுநர் பரீட்சையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதிலும் இரண்டு முறை தவறியவன்.

மனைவியின் கதை வேறு. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அந்தக் கூட்டத்தில் உரும்பிராயிலிருந்து நடந்த உயர்தர மாணவி அவள். கணிதப் பிரிவு. செம்மணி வெளியைக் கடக்கும்போது மழை பெய்தது, கையில் இருந்த பிரயோக கணிதக் கொப்பி நனையாமல் தங்கைக்குப் போர்த்திய பொலித்தீனுக்குள் அதையும் செருகினாள் என்று சொல்வாள். கொப்பி தப்பியது. சாதாரணதரச் சான்றிதழும் பிறப்புப் பத்திரமும் தகரப் பெட்டியோடு வீட்டில் கிடந்தன. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டி இருந்த இடத்தில் பெட்டியும் இல்லை.

1999இல் என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வந்த புதிதில், படிக்க வேண்டும் என்று ஒரு கல்லூரிக்குப் போனாள். அங்கே மேசையில் இருந்தவர் மூலச் சான்றிதழ்கள் வேண்டும் என்றார். இல்லை என்றதும், ஏன் இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அளவுக்கு அவளிடம் அன்று சொற்கள் இல்லை. திரும்பி வந்து சமைத்தாள். பிறகு மகள், பிறகு மகன், பிறகு ஓர் ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் வேலை. அவளைப் படிக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. படியும் என்றும் சொன்னதில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இருபடிச் சமன்பாடு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த தாய் ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். பென்சிலை வாங்கினாள். வர்க்கப்பூர்த்தி செய்து நான்கு வரியில் முடித்துவிட்டாள். எப்படி என்று மகள் கேட்டாள். தாய்க்கு வாயெல்லாம் தமிழ். ‘வர்க்கப்பூர்த்தி’க்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியவில்லை. மகள் சொன்னாள்: “அம்மா, உங்களுக்குக் கணக்கே வராது என்று நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.”

பிள்ளை பாராட்டாகத்தான் சொன்னாள். மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை.

திறந்த பல்கலைக்கழகத்தைத் தேடிக் கண்டுபிடித்தது மகள்தான். விண்ணப்பத்தில் சான்றிதழ் கேட்கும் இடம் எங்கே என்று மனைவி மூன்று தரம் தேடினாள். அப்படியோர் இடம் இல்லை. முன்தகுதி கேட்பதில்லை என்பதே அந்தப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கொள்கை. ‘திறந்த’ என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். 2012 முதல் பகுதிநேரமாகப் படிக்கிறவர்களுக்கும் கல்விக் கடன் கிடைக்கிறது, சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும் என்று மகள் விளக்கினாள். நான் என்ன சொன்னேன்? “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பார்கள். நீர் இனிப் படித்து எந்தக் கோறணமேந்தில் மேய்க்கப் போகிறீர்?” என்றேன். கோறணமேந்து என்றால் அரசாங்கம். பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. 2015 ஒக்டோபரில் பதிந்துவிட்டாள்.

பட்டத்துக்கு 360 அலகுகள். வருடத்துக்கு 60. ஓர் அலகுக்குப் பத்து மணிநேரப் படிப்பு என்பது கணக்கு. ஆக மொத்தம் 3600 மணிநேரம். என் பன்னிரண்டு மணிநேர இரவு வேலையால் வகுத்துப் பார்த்தேன்: முந்நூறு இரவுகள். அத்தனையையும் அவள் எடுத்தது விடியற்காலை நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில், நாங்கள் எழும்புவதற்கு முன்.

அவளுடைய கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ‘வெக்டர்’ என்று எழுதி நேரே ‘காவி’. ‘மேட்ரிக்ஸ்’ என்றால் ‘தாயம்’. வகையீடு, தொகையீடு, சிக்கலெண். தமிழ்நாட்டில் காவியைத் திசையன் என்றும் தாயத்தை அணி என்றும் சொல்கிறார்கள், நாங்கள் காவிக்காரர்கள். பதினெட்டு வயதில் தமிழில் விளங்கிய எதுவும் அழிந்திருக்கவில்லை, பெயர்ப்பலகையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது என்பாள். ஒப்படை எழுதும்போது வாய்க்குள் தமிழில் முணுமுணுத்து ஆங்கிலத்தில் எழுதுவாள். மூன்றாம் வருடத்தில் ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. பாடம் முன்னேறிவிட்டது, அந்தச் சொற்களுக்கு அவளிடம் தமிழ் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் முணுமுணுத்ததும் குறைந்துபோயிற்று.

இடையில் ஒரு வருடம் போயிற்று. என் இதயத்தில் குழாய் வைத்த வருடம் அது. அதைப் பற்றி வேறென்ன சொல்ல. 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது மகளும் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், பொருளியல். ஒரே மேசையில் எதிரெதிரே இரண்டு மாணவிகள். பரீட்சையையும் அந்த மேசையிலேயே எழுதினார்கள். அந்த நாட்களில் நானும் மகனும் வீட்டுக்குள் கள்ளர் மாதிரி நுனிக்காலில் நடந்தோம், தேநீர் போட்டது நான். இருபது வருடத்தில் அவள் எனக்குப் போட்ட தேநீரோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது வெளியே ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள். எங்கள் ஆட்களின் பட்டமளிப்புக் கொண்டாட்டங்களுக்குப் போனவர்களுக்கு ஏன் என்று புரியும். மண்டபம் எடுத்து, ஆளுயரப் படம் வைத்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, பிள்ளை மருத்துவராகிவிட்டது என்று அறிவிப்போம். பிழை இல்லை, நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் உரக்கக் கொண்டாடினால் யாருக்கு என்ன நட்டம்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார், அதில் ஒருவர்தான் தொல்காப்பியம் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை என்று அந்த மேடைகளில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மண்டபங்களில் என் மனைவி பரிமாறும் பக்கத்தில்தான் நிற்பாள். ஒரு மாமி அவளிடம், “நீர் ஊரில் எதுவரைக்கும் படித்தனீர்?” என்று கேட்டபோது, பையில் மறுநாள் அனுப்ப வேண்டிய ஒப்படை இருந்தது. “உயர்தரம் எடுக்கவில்லை மாமி” என்று மட்டும் சொன்னாள். அதுவும் உண்மைதானே.

பார்பிக்கனில் அந்த ஒழுங்கெல்லாம் தலைகீழ். நான் மகளுடைய பட்டமளிப்புக்குப் போனபோது மேடையில் இளையவர்கள், சபையில் பெற்றோர். இங்கே மேடைக்கு ஏறுகிறவர்கள் நரைத்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஊன்றுகோல் பிடித்தவர்கள். சபையிலிருந்து கத்துகிறவர்கள் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். எனக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து வயதுப் பையன் தன் தாய் வருவதற்கு முன்னே மூன்று பேரைத் தாயென்று நினைத்துக் கூவினான். ஒருவரும் அவனை அடக்கவில்லை. அந்த மூன்று பேரும் அவனுக்குக் கையசைத்தார்கள்.

அவளுடைய முறை வந்தது. எங்கள் வழக்கப்படி கடவுச்சீட்டில் அவளுடைய பெயருக்குப் பின்னால் வருவது என் பெயர். வாசித்தவர் இரண்டையும் உருட்டிச் சிதைத்தார், ஆனால் இரண்டும் கேட்டன. உயர்தர வெட்டுப்புள்ளியில் விழுந்த என் பெயர், நான் கதிரையில் இருக்க, மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் பட்டதாரிப் பெயராகக் கேட்டது. நான் அதற்கு என்ன செய்தேன்? சில தேநீர். மகன் எழும்பி நின்று “அம்மா!” என்று தமிழில் கத்தினான். அவள் நடையை நிறுத்தவில்லை, ஆனால் வலது கை தானாகவே தோளுக்குப் போனது, ஊசி கழன்றுவிட்டதா என்று பார்க்க.

வீட்டுக்கு வந்ததும் உரும்பிராய்க்குக் காணொளி அழைப்பு எடுத்தோம். மாமியாருக்கு 78 வயது. கைபேசியைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“தொப்பி எங்கே பிள்ளை?”

“இந்தப் பல்கலைக்கழகத்தில் தொப்பி போடுவதில்லை அம்மா. அங்கி மட்டும்தான்.”

“பேத்தியின் படத்தில் தொப்பி இருக்கிறதே?”

“அது வேறு பல்கலைக்கழகம்.”

மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படியென்றால் இது முழுப் பட்டம் இல்லையா?”

மனைவி சிரிக்கத் தொடங்கினாள். கதிரையில் இருக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். முழுப் பட்டம்தான் என்று மகள் எடுத்துச் சொன்னாள். மாமியார் நம்பினாரோ என்னவோ, பக்கத்து வீட்டாருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது, தொப்பியோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இன்னும் அனுப்பவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறார்.