வி1 மல்பெரி: மழைக்காலப் பழமும் மார்ச் பழமும்

ஒருவழியாகப் பிரிக்ஸ் அளவு, அதாவது சாறில் சர்க்கரை ஏறக்குறைய எத்தனை சதவீதம் என்கிற கணக்கு, நிலையாக வந்துவிட்டது! அதே வி1 ரக மரம், அதே மண். நவம்பர் மழையில் பறித்த பழம் 8-ஐ ஒட்டியே நின்றது. மார்ச் பழம் 13-ஐத் தொட்டுவிட்டது. மழையில் பழத்தில் தண்ணீர் ஏறிவிடுகிறது, மூட்டமான வானத்தில் இலை சர்க்கரை தயாரிப்பதும் குறைவு. நாக்குக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் எண்ணாகப் பார்க்கிற சந்தோஷமே வேறு.

உயிரை எடுத்தது ரிஃப்ராக்டோமீட்டர்தான், சாறில் ஒளி வளைவதை வைத்துப் பிரிக்ஸ் காட்டுகிற கருவி. மல்பெரிச் சாறை அப்படியே விட்டால் அளவு காட்டும் கோடே தெரியாது, ஊதா மூட்டம்தான் தெரியும். சதைத் துணுக்கு போக வேண்டும். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துப் பிழிந்து, தெளியவிட்டு, மேலாக ஒரு சொட்டு எடுத்து, மூடியை அழுத்திப் படலத்தை மெலிதாக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கோடு கத்தியால் வெட்டியது மாதிரி விழுகிறது. ஒற்றைப் பழத்தை அளப்பது வீண். ஒரே கிளையில் பக்கத்துப் பழமே ஒத்துவராது. தொட்டதும் கையோடு வருகிற பழமாக ஒரு கைப்பிடி சேர்க்க வேண்டும். இழுத்தால்தான் வரும் என்றால், கறுத்திருந்தாலும் புளிப்பு மிச்சமிருக்கிறது. வெப்பத் திருத்தம் உள்ள கருவியும் பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான் சரியாகக் காட்டும். மாடி வெயிலில் வைத்துப் பார்க்காதீர்கள். கருவியும் சாறும் வீட்டுக்குள் ஆறட்டும், காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் பார்த்துவிட்டு அளக்கலாம்.

அப்புறம், பிரிக்ஸ் மட்டுமே சத்து ஆகாது. என் நீள வெள்ளை மல்பெரி 18 காட்டுகிறது, ஆனால் கறுப்புப் பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் அதில் இல்லையென்றே சொல்லலாம். வி1 சாறில் சிட்டிகை சமையல் சோடா போட்டால் சிவப்பு நீலமாகத் திரும்புகிறது; வெள்ளைச் சாறில் அந்த மாற்றமே இல்லை. அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலில் 100 கிராம் மல்பெரிக்கு வைட்டமின் சி 36.4, இரும்பு 1.85 மில்லிகிராம். எந்த ரகம், எந்த மாதம் என்ற பேச்சே இல்லாமல் இந்த எண்களை எல்லா மல்பெரிக்கும் ஒட்டி விற்பதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

நடுவதற்குக் குச்சி தேடுகிறவர்களுக்கு: வி1 என்பது மைசூரு மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இலைக்காக வெளியிட்ட ரகம். உடுமலைப் பக்கம் பட்டு விவசாயிகள் கவாத்து செய்யும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள், கட்டாகவே தருவார்கள். நர்சரி ஒன்றில் நீள ரகம் என்று தந்த செடி குட்டைப் பழமாகக் காய்த்தது, ஒரு வருடம் போச்சு. தாய்மரத்துப் பழத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜூன் பழத்தை இன்னும் அளக்கவில்லை, அதற்குள் மனசு வைட்டமின் சி பக்கம் போய்விட்டது. அயோடினும் கஞ்சியும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் வைட்டமின் சி தீர்ந்ததும் கறுநீலம் தோன்றுகிற கட்டம் வி1 சாறின் நிறத்திலேயே மறைந்துவிடும். முதலில் வெள்ளைப் பழத்தில் கை பழகிக்கொண்டு, பிறகு வி1 சாறை நன்றாக நீர்க்கவிட்டு முயல வேண்டும்.