அண்டி ஆபீஸ் சீட்டில் ஆரம்பித்த பாடம்

2011 கணக்கெடுப்பின்படி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். எனக்குத் தலைவலியாக வந்தது இந்தப் பெருமைதான். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்ததும், 15 வயது தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடிப் பிடிக்கச் சொன்னார்கள். கருங்கல் பக்கம் எங்கள் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "நமக்கெல்லாம் படிப்பு உண்டு மக்ளே" என்று சொல்லிக் கதவடைத்தார்கள். ஊரே படித்திருக்கும்போது 'எனக்குத் தெரியாது' என்று யார் வாய் திறப்பார்கள்?

வழி கிடைத்தது ரேஷன் கடையில். எனக்கு முன்னால் நின்ற அக்கா ஐந்தாறு முறை விரல் வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. முப்பது வருஷமாக அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறவர். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தேய்ந்துவிட்டது. "கையெழுத்துதான் அறியாது, இப்போ கைநாட்டும் போச்சு" என்று சிரித்தார். பேசிக்கொண்டே வீடு வரை நடந்தோம். மறுநாள் தன்னோடு வேலை பார்க்கும் நான்கு பேரையும் கூட்டிவந்துவிட்டார்.

இரவு ஏழு மணிக்கு எங்கள் வராந்தாவில் வகுப்பு. சோறு வடித்துவிட்டு, பேரப்பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். முன்பு இல்லம் தேடிக் கல்வியில் இதே வராந்தாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தைரியத்தில் 'அ'விலிருந்து தொடங்கினேன். ஒரு வாரம் சுத்தமாக எடுபடவில்லை. விரைத்துப்போன விரல்களுக்கு 'அ'வின் சுழி பெரிய பாடு. பேனா நழுவும். பகல் முழுக்க உட்கார்ந்து வேலை செய்த அலுப்பில் இரண்டு பேர் தூங்கியே விழுவார்கள்.

அப்புறம் ஒருநாள் ஒரு அக்கா முந்தானையிலிருந்து சீட்டு ஒன்றை எடுத்து, "இதில எத்ர கிலோ போட்டிருக்கு?" என்றார். உடைத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. 8.650 என்று எழுதியிருந்தது. புள்ளிக்கு முன்னால் கிலோ, பின்னால் கிராம் என்று சொன்னதும் எல்லாரும் தங்கள் சீட்டைத் தேட ஆரம்பித்தார்கள். அன்றோடு பாடப்புத்தகத்தை ஓரம் வைத்தேன். முதலில் எண், பிறகு அவரவர் பெயர், பிறகு பஸ் போர்டு. இரண்டு மாதத்தில் அதே அக்கா, தராசில் 650 என்றிருந்ததைச் சீட்டில் 560 என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டுவிட்டு வந்தார். எனக்கு அதுவே தேர்வு முடிவு மாதிரி.

நிஜத் தேர்வும் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50, மொத்தம் 150 மதிப்பெண். ஒருவர் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார், மற்ற நால்வரும் எழுதினார்கள். ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த பாட்டியை, பேரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ரேஷன் கடை அக்கா போன மாதம் பேங்குக்குப் போனார். கணக்கில் இருப்பது கைநாட்டு, கையெழுத்தாக மாற்ற எழுதிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு ஃபாரம் கொடுத்தார்களாம். என்னிடம் கொண்டுவந்தார். நான் பேனாவை மட்டும் நீட்டினேன். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் 'அண்டி ஆபிஸ்' என்று எழுதிவிட்டு, "ஸ்'க்கு மேல புள்ளி உண்டுதானே?" என்று கேட்டார்.