ஏழு கோர் காட்டிய நான்கு கோர் இயந்திரம்

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் வந்த கேள்வி இது: "கணினியை ஆன் செய்கிறோம். உள்ளே எத்தனை கோர் இருக்கிறது என்பதைக் கெர்னலுக்கு யார் சொல்கிறார்கள்?" கோர் என்பது செயலிக்குள் தனியாக நிரலை ஓட்டும் அலகு; கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சிபியுஐடி கட்டளை, சார்" என்றேன். செயலியிடம் அதன் விவரத்தைக் கேட்கும் கட்டளை அது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்துவிட்டேன். "சரி தம்பி, அந்தக் கட்டளையை எந்தக் கோர் ஓட்டுகிறது? அந்த நேரத்தில் மற்ற கோர்கள் எங்கே இருக்கின்றன?" அதன் பிறகு அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான். வேலூரின் மே மாதத்தில் அந்த விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தந்தது.

தேர்ச்சி பெற்றுவிட்டேன், மதிப்பெண்தான் சுமார். ஆனால் குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் போய்ச் சேரும்வரை அந்த இரண்டாவது கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறையில் அதற்காகவே ஒரு குட்டி கெர்னல் எழுத உட்கார்ந்தேன். "எண்ணுவதற்கு ஒரு படிப்பா?" என்று மாமா சிரித்தார். கைலித் தறிக்கூடம் நடத்துகிறவர் அவர். தறியை எண்ண அவருக்குப் படிப்பு தேவைப்பட்டதில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்கு மட்டும் படிப்பவர்கள் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பாடத்திட்டத்தில் பிராசஸ், த்ரெட், ஒத்திசைவு, டெட்லாக், நினைவக மேலாண்மை, கோப்பு முறைமை என்று இருக்கிறது. கணினி பூட் ஆகும், அதாவது ஆன் செய்ததும் எழுந்து தயாராகும், கதை அதில் இல்லை. வைவாவுக்கும், சிஸ்டம்ஸ் வேலைக்கான நேர்முகத்துக்கும் போகிறவர்களுக்குத்தான் இது.

நமக்கு இது தெரியாமல் போவதற்கு ஒரு காரணமும் உண்டு. எம்ஐடி பாடத்துக்காக உருவாக்கிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தை வைத்துத்தான் நம்மில் பலர் கெர்னலைக் கற்கிறோம். இப்போது பாடத்தில் இருக்கும், ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வகைக்கான வடிவத்தில் கோர்களை எண்ணும் வேலையே கிடையாது. அதிகபட்சம் 8 என்று நிரலில் ஒரு மாறிலி இருக்கிறது. ஒரு கணினியை மென்பொருளிலேயே போலச் செய்து காட்டும் கியூஎமு 3 கோர்களைக் கொடுக்கிறது; எல்லாம் ஒரே நுழைவுப் புள்ளியில் ஓடத் தொடங்குகின்றன; பூஜ்ஜியம் எண்ணுள்ளது ஏற்பாடுகளை முடிக்கும்வரை மற்றவை ஒரு கொடியை (ஆம், இல்லை என்று காட்டும் மதிப்பு) பார்த்துக்கொண்டு சுற்றுகின்றன. அழகான எளிமைதான். ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை. பழைய இன்டெல் வடிவத்தைத் தேடிப் படியுங்கள். அதில் இன்டெல்லின் பழைய மல்டிபிராசசர் அட்டவணையை நினைவகத்தில் தேடி வாசிக்கும் ஒரு சிறிய கோப்பு இருக்கிறது. அந்த விவரக்குறிப்பின் 1.4 பதிப்பு ஆவணம் 1997 தேதியிட்டது. இன்றைய கணினிகளில் அந்த இடத்தை ஏசிபிஐ என்ற புதிய அட்டவணை முறை பிடித்துக்கொண்டது என்றாலும், முதல் படிக்கட்டு அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பவர் வந்ததும் எல்லாக் கோர்களும் சேர்ந்து கெர்னலை ஓட்டுவதில்லை. ஒன்று பூட் பிராசசர் ஆகிறது. ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்), பூட்லோடர் (கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் நிரல்), கெர்னலின் தொடக்கம் எல்லாவற்றையும் அது தனியாகவே ஓட்டுகிறது. மற்றவை எழுப்பும் சைகைக்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. வைவாவில் நான் விட்டது இந்த இரண்டு வரிகளைத்தான். சிபியுஐடி என்பது ஒரு செயலி தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலம். பக்கத்து சாக்கெட்டில் இன்னொரு சிப் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

அப்படியானால் பட்டியல் எங்கே? ஃபர்ம்வேர் முன்பே எழுதி நினைவகத்தில் வைத்திருக்கிறது. கெர்னல் முதலில் அதன் முனையைப் பிடிக்க வேண்டும். ஃபர்ம்வேர் புதிய யூஇஎஃப்ஐ வகை என்றால் அதுவே முகவரியைக் கொடுத்துவிடும். பழைய பயாஸ் என்றால் 1 எம்பிக்குக் கீழே குறிப்பிட்ட சில பகுதிகளில் 16 பைட்டுக்கு ஒருமுறை ஒரு எட்டெழுத்து அடையாளத்தைத் தேட வேண்டும். அது கிடைத்தால் அட்டவணைகளின் அட்டவணை, அதன் வழியாக எம்ஏடிடி என்ற செயலிப் பட்டியல். இந்த எம்ஏடிடியில்தான் ஒவ்வொரு லாஜிக்கல் செயலிக்கும் (கெர்னலுக்குத் தனிச் செயலியாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும்) ஒரு பதிவும், சைகை அனுப்பும்போது அதை அடையாளம் காட்டும் ஏபிக் எண்ணும், ஒரு கொடியும் இருக்கின்றன. ஒவ்வொரு அட்டவணையின் பைட்களையும் கூட்டினால் கடைசி 8 பிட் பூஜ்ஜியமாக வர வேண்டும் என்ற சோதனையைத் தவறவிடாதீர்கள்.

இங்கேதான் நான் விழுந்தேன். கியூஎமுவில் 4 கோர் கொடுத்து என் கெர்னலை ஓட்டினேன். திரையில் 7 என்று வந்தது. 3 வந்திருந்தால் ஏதோ விட்டுவிட்டேன் என்று தேடியிருப்பேன். இல்லாத மூன்று எங்கிருந்து முளைத்தன?

அன்று இரவு முழுவதும் நிரலை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. மறுநாள் அட்டவணையின் பைட்களை அச்செடுத்து, ஒரு ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு கோடு போட்டேன். முதல் 36 பைட் தலைப்பு, அடுத்த 8 பைட் பொதுத் தகவல், 44-வது இடத்திலிருந்து பதிவுகள். செயலியைக் குறிக்கும் லோக்கல் ஏபிக் பதிவின் வகை எண் 0, நீளம் 8 பைட். முதல் நான்கு பதிவுகளும் அப்படியே இருந்ததால், எல்லாப் பதிவும் 8 பைட் என்று எண்ணி எட்டெட்டாகத் தாண்டியிருந்தேன். ஐந்தாவது பதிவு ஐஓ ஏபிக், அதாவது சாதனங்களின் இண்டரப்ட்களை (கவனி என்ற அழைப்புகளை) செயலிகளுக்கு அனுப்பும் பகுதிக்கானது. அதன் நீளம் 12. நான் எட்டில் தாண்டியதும் அதன் கடைசி நான்கு பைட்டுக்குள் போய் நின்றேன். அந்த நான்கு பைட் இண்டரப்ட் எண் தொடங்கும் இடத்தைச் சொல்வது. முதல் ஐஓ ஏபிக்குக்கு அது பூஜ்ஜியம். பூஜ்ஜியம்தானே செயலிப் பதிவின் வகை எண்! என் நிரல் அதை ஐந்தாவது கோர் என்று மகிழ்ச்சியோடு எண்ணிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த 10 பைட் பதிவுகளையும் குறுக்கே வெட்டி இன்னும் இரண்டைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு பதிவின் இரண்டாவது பைட் அதன் நீளம்; அந்த நீளத்தால்தான் தாண்ட வேண்டும். நீளம் பூஜ்ஜியம் என்று வந்தால் சுற்றை உடனே முறிக்க வேண்டும், இல்லையேல் அங்கேயே நின்று சுழலும்.

இந்தப் பென்சில் வேலையை யாருக்கும் பரிந்துரைப்பேன். அரை நாள் போனது. எம்ஏடிடியின் அமைப்பு இன்றுவரை மறக்கவில்லை.

நான் செய்த இன்னொரு தவறு, கொடியைப் பார்க்காதது. வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல்தான் நின்றது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்த பிறகுதான் வழிபாடு. எம்ஏடிடியிலும் அப்படிச் சில பதிவுகள் இருக்கும். இடம் ஒதுக்கியிருக்கும், எண் கொடுத்திருக்கும், உள்ளே செயலி இருக்காது. பல சாக்கெட் தாங்கும் போர்டுக்கென்று எழுதிய ஃபர்ம்வேர் எல்லா இடத்துக்கும் பதிவு எழுதிவைத்துவிடும். கொடியின் முதல் பிட் 1 என்றால் செயலி இருக்கிறது. அது 0 ஆகவும் அடுத்த பிட் 1 ஆகவும் இருந்தால் பிற்பாடு வரலாம். இரண்டும் 0 என்றால் அதை மறந்துவிட வேண்டியதுதான். கொடியை ஒழுங்காகப் பார்த்திருந்தால் என் மூன்று போலிக் கோர்களும் அப்போதே உதிர்ந்திருக்கும்; நீளத்தில் செய்த தவறும் தெரியாமலே போயிருக்கும். எது நல்லது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

லினக்ஸ் இதையே மூன்று கணக்குகளாக வைத்துக்கொள்கிறது: இருக்கக்கூடியவை, இருப்பவை, ஓடுபவை. சிஸ் கோப்பகத்துக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று இறங்கினால் பாசிபிள், பிரசென்ட், ஆன்லைன் என்ற பெயர்களில் மூன்று கோப்புகள் இருக்கும். உங்கள் லேப்டாப்பில் இன்றே திறந்து பாருங்கள். பிறகு பூட் வரியில் மேக்ஸ்சிபியுஸ் 2 என்று கொடுத்து மறுபடி தொடங்குங்கள். மூன்றாவது கோப்பு மட்டும் சுருங்கியிருக்கும்.

பட்டியல் கிடைத்த பிறகு எழுப்புவது. இன்டெல் முறையில் பூட் பிராசசர் ஒவ்வொரு ஏபிக் எண்ணுக்கும் முதலில் இனிட் சைகை அனுப்பும். 10 மில்லி விநாடி காத்திருக்கும். பிறகு தொடக்கச் சைகை, 200 மைக்ரோ விநாடி கழித்து மீண்டும் ஒரு முறை அதே சைகை. புதிய செயலிகளில் அந்த 10 மில்லி விநாடியை லினக்ஸ் விட்டுவிடுகிறது. தொடக்கச் சைகையில் முகவரிக்கு 8 பிட் மட்டுமே இடம். அதை 4096-ஆல் பெருக்கினால் வருவதுதான் விழித்த கோர் முதலில் ஓட்டும் இடம். ஆகவே அந்த நிரல் 1 எம்பிக்குள், 4 கேபி எல்லையில் இருந்தே ஆக வேண்டும். விழிக்கும் கோர் 16 பிட் காலத்தில் கண் திறக்கிறது. அதைக் கைப்பிடித்து 64 பிட் வரை ஏற்றிவிடும் சிறிய நிரலுக்கு டிராம்போலின் என்று பெயர். நான் எல்லாக் கோருக்கும் ஒரே ஸ்டாக்கை (நிரல் தன் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதி) கொடுத்துவிட்டு, ஏன் கியூஎமு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது என்று விழித்தேன். ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக் கொடுங்கள். லினக்ஸும் நெடுங்காலம் ஒவ்வொன்றாகத்தான் எழுப்பிக்கொண்டிருந்தது. 2023-ல் வந்த 6.5 பதிப்பில்தான் இன்டெல் வகைச் செயலிகளை இணையாக எழுப்பும் வசதி சேர்ந்தது.

சிபியுஐடிக்கு வேலையே இல்லையா? உண்டு, எண்ணிக்கை முடிந்த பிறகு. எந்த இரண்டு லாஜிக்கல் செயலிகள் ஒரே கோரின் இரட்டை த்ரெட்கள், எவை ஒரே சிப்பில் இருக்கின்றன என்பதைப் பிரிக்க, ஏபிக் எண்ணின் பிட்களை எங்கே வெட்ட வேண்டும் என்று அது சொல்லும். லீஃப் என்பது சிபியுஐடியிடம் கேட்கும் கேள்வியின் எண். இதற்கு லீஃப் 11, புதியவற்றில் லீஃப் 31. லீஃப் 1-ல் வரும் எண்ணைக் கோர் எண்ணிக்கை என்று பல குறிப்பேடுகளில் எழுதியிருப்பார்கள். அது ஒதுக்கக்கூடிய அடையாள எண்களின் உச்சவரம்பு. இருக்கும் கோர்களின் தொகை அது இல்லை. அந்தக் குறிப்பேட்டைப் படித்துத்தான் நானும் போனேன்.

ஃபோன்களில் இருக்கும் ஆர்ம் வகைச் செயலிகள் பற்றிக் கேட்டால் சுருக்கமாகப் போதும்: டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரப் பட்டியலில் சிபியுஸ் என்ற முனையின் கீழ் ஒவ்வொரு கோரும் எழுதப்பட்டிருக்கும், எப்படி எழுப்ப வேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கும், பெரும்பாலும் பிஎஸ்சிஐ என்ற இடைமுகம் வழியாக ஃபர்ம்வேரையே எழுப்பச் சொல்வார்கள். சர்வர் வகை ஆர்மில் இங்கும் எம்ஏடிடிதான். ரிஸ்க்-ஃபைவில் கோருக்கு ஹார்ட் என்று பெயர், எழுப்புவது எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேர் இடைமுகம் வழியாக. சென்னை ஐஐடியின் சக்தி செயலி ரிஸ்க்-ஃபைவ் குடும்பம் என்பதால் நம் பக்கத்துத் தேர்வாளர்களுக்கு அதில் தனிப் பிரியம் இருக்கலாம். ஒரு பத்தியாவது படித்துவிட்டுப் போங்கள்.

பதில் சொல்லும்போது கருவியின் பெயரில் தொடங்காதீர்கள். "பூட் பிராசசர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று தொடங்குங்கள். அதற்குப் பிறகு பட்டியல், கொடி, சைகை எல்லாம் தாமாக வரிசையில் வந்து நிற்கும். நீங்கள் செய்த தவறு ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் ஏழு கோர் கதையைச் சொன்ன பிறகுதான் சென்னையில் நடந்த நேர்முகத்தில் எதிரில் இருந்த அம்மையார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பட்டியலில் இருக்கிறது, கொடியும் சரி, சைகையும் அனுப்பியாகிவிட்டது. அந்தக் கோர் பதில் தரவில்லை. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் காத்திருப்பேன், மேடம். வரவில்லை என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு, ஓடுபவை கணக்கில் அதைச் சேர்க்காமல் அடுத்த கோருக்குப் போய்விடுவேன்."

அவரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.