மஞ்சள் கோட்டுக்கு மடிப்பதா, கட்டத்துக்கு மடிப்பதா?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடை. அதன் முன்பக்கத்தில் மடிப்பு கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு ஏப்ரன்களும், அதாவது முன்மடல்களும், தட்டையாகவே இருக்கும். தைப்பவரின் கைத்திறன் முழுவதும் பின்பக்கத்தில்தான் தெரியும். சில மாதங்களாக மாலை வேளைகளில் நான் தைத்துவரும் கில்ட்டில் அந்தப் பின்பக்கம் ஒருவழியாக முடிந்திருக்கிறது. கத்தரி எடுப்பதற்கு முன் ஒரே துணியை இரண்டு விதமாக மடித்து, ஊசி குத்தி நிறுத்திப் பார்த்தேன். கில்ட்டைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத்தந்தது அந்த ஒத்திகைதான்.

துணி, கார்டன் டார்ட்டன். டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட கம்பளித் துணி. கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவை நான்காவது கார்டன் டியூக் 1794-ல் திரட்டினார். பிளாக் வாட்ச் படைப்பிரிவின் நீலம், கறுப்பு, பச்சைக் கட்டங்களை எடுத்து, பச்சையின் நடுவே ஒரு மஞ்சள் கோட்டைச் சேர்த்தால் கார்டன் டார்ட்டன் கிடைத்துவிடும். நான் வாங்கியது கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி. தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும் கனம். ஆனால் அந்தக் கனம் இல்லாமல் மடிப்பு நிற்காது, நடக்கும்போது வீசி ஆடவும் ஆடாது. இரட்டை அகலத்தில் 4 கஜம் வாங்கி, நீளவாக்கில் நடுவே கிழித்து, இரண்டு பட்டைகளையும் ஒட்டுத்தையல் போட்டு 8 கஜமாக்கினேன். கத்தரி வைப்பதைவிடக் கிழிப்பதே மேல். கிழிசல் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். ஒட்டுப்போட்ட இடம் ஒரு மடிப்பின் உள்ளே ஒளிந்துகொள்ளும். கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. நெசவில் வந்த கரையே கில்ட்டின் விளிம்பு.

டார்ட்டனில் ஒரு முழு வடிவம் முடிந்து மறுபடி தொடங்கும் அகலத்துக்கு ‘செட்’ என்று பெயர். என் துணியில் அது 6 அங்குலம். மடிப்பு முறைகள் எல்லாமே இந்த அளவைச் சுற்றித்தான் வருகின்றன.

கட்டத்துக்கு மடிப்பது என்றால், துணியை மடித்து அடுக்கிய பிறகும் முன்பக்கத்தில் இருக்கும் அதே டார்ட்டன் பின்பக்கத்திலும் முறியாமல் ஓடவேண்டும். ஒவ்வொரு மடிப்பும் வடிவத்தின் அடுத்த துண்டைக் காட்டிக்கொண்டே போகும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மடிப்பு இருப்பதே தெரியாது. கோட்டுக்கு மடிப்பது அதற்கு நேர் எதிர். ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் அதையே நிறுத்துவது. பின்பக்கம் முன்பக்கத்தைப் போலவே இருக்காது. பட்டாளத்து வழக்கம் இது. கார்டன் ஹைலேண்டர்ஸ் 1853-ல் ஒரே பக்கம் சாயும் கத்தி மடிப்புக்கு மாறியபோது, மஞ்சள் கோட்டையே ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் வைத்தார்கள்.

கணக்குப் போட்டபோது ஒன்று பிடிபட்டது. இடுப்பெலும்பு மட்டத்தில் என் பின்பக்க அகலம் 20 அங்குலம். அதில் 27 மடிப்பு வைத்தால் ஒவ்வொன்றும் வெளியே ஏறக்குறைய முக்கால் அங்குலம் தெரியும். கோட்டுக்கு மடித்தால் ஒரு மடிப்பு சரியாக ஒரு செட்டை, அதாவது 6 அங்குலத்தை விழுங்கும். மொத்தம் 162 அங்குலம், நாலரை கஜம். கட்டத்துக்கு மடித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு செட்டைத் தாண்டி, வெளியே தெரியும் முக்கால் அங்குலத்தையும் சேர்த்து நகரவேண்டும். அந்தக் கூடுதலை 27 மடிப்புக்கும் கூட்டினால் 20 அங்குலம் வருகிறது. பின்பக்கத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு! யோசித்தால் அது அப்படித்தான் இருக்கவேண்டும். வடிவம் பின்பக்கம் முழுவதும் முன்னேறியாக வேண்டுமே. ஆனாலும் காகிதத்தில் அந்த எண் வந்து நின்றபோது மனம் நிறைந்தது.

முதலில் கட்டத்துக்கு மடித்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கார்டன் அடர்ந்த நிறங்கள் கொண்ட டார்ட்டன். நீலமும் கறுப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து, பின்பக்கம் முழுவதும் ஒரே இருட்டாகத் தெரிந்தது. ஊசிகளை எடுத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்கு மடித்தேன். இந்த டார்ட்டனில் ஒரு செட்டுக்குள் மஞ்சள் கோடு இரண்டு முறை வரும். அதனால் ஒன்று விட்டு ஒன்றைத்தான் எடுக்கவேண்டும். என் துணியில் மஞ்சளைச் சுற்றிய பச்சைப் பட்டை ஏறத்தாழ ஓர் அங்குலம். மடிப்பில் தெரிவதோ முக்கால் அங்குலம். ஆகவே மஞ்சளும் அதன் இருபுறப் பச்சையும் மட்டும் வெளியே நிற்க, நெடுக்கு இழையான நீலப் பாவு மொத்தமும் உள்ளே போய்விட்டது. ஊடையில் வரும் நீலமும் கறுப்பும் குறுக்குப் பட்டைகளாகக் கீழிருந்து மேல்வரை அடுக்கிக்கொண்டு நின்றன. தொங்கவிட்டு ஆட்டினேன். மடிப்புகள் விரிய, உள்ளே இருந்த நீலம் பளிச்சென்று வெளிப்பட்டு மறுபடி மூடிக்கொண்டது. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

கட்டத்துக்கு மடிப்பதே உயர்ந்த வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிர்நிறப் பின்னணியில் பெரிய கட்டங்கள் ஓடும் டார்ட்டனுக்கு அது பொருந்தும். எடுப்பான ஒற்றைக் கோடு உள்ள துணியில் அந்தக் கோட்டை வீணாக்கக் கூடாது. துணியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும், அதுவும் ஆட்டிப் பார்த்து.

அடுத்து, தையல். இடுப்பிலிருந்து கீழே 8 அங்குலம் வரைதான் மடிப்புகளைத் தைக்கிறோம். அதற்குக் கீழே அவை விடுதலை. கீழே முக்கால் அங்குலமாக இருக்கும் மடிப்பு, மேலே இடுப்புக்கு வரும்போது அரை அங்குலத்துக்குச் சற்று மேல் என்று குறுகவேண்டும். கோட்டுக்கு மடித்தால் மஞ்சளை நடுவிலேயே வைத்துக்கொண்டு இருபுறமும் சமமாக ஒடுக்கவேண்டும். ஒருபுறம் கூடிவிட்டால் கோடு சாய்ந்து பல்லிளிக்கும். குறுக்குக் கோடுகளும் மடிப்புக்கு மடிப்பு ஒரே மட்டத்தில் சேரவேண்டும். இயந்திரத்தில் இது சரிவராது. பாதம் மேல்துணியைத் தள்ளிக்கொண்டே போகும். கையால், மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பிடித்து, அடுத்த மடிப்பின்மேல் பொடித்தையலாகத் தைத்தேன். தையல் மேலே தெரியாது. ஒவ்வொரு மடிப்பு முடிந்ததும் டேப் வைத்து அளந்தேன். ஒரு மடிப்புக்கு வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடினாலே 27 மடிப்பில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலம் கூடிவிடும். கில்ட் இடுப்பில் நிற்காது.

பழைய முறையையும் ஒரு கட்டம்போட்ட பருத்தித் துணியில் செய்து பார்த்தேன். 1790-களின் தைத்த கில்ட்டுகளில் பெட்டி மடிப்புதான், அதாவது இருபுறமும் உள்ளே மடங்கி நடுவில் தட்டையாக நிற்கும் மடிப்பு. ஏறத்தாழ 4 கஜம் துணியே போதும். அகலமான சில மடிப்புகள், அவ்வளவுதான். இலேசாக, வீட்டில் அன்றாடம் உடுத்தத் தோதாக இருக்கிறது. கிங்யூசி என்று ஒரு முறையும் உண்டு. முதுகின் நடுவில் ஒரே ஒரு பெட்டி மடிப்பு, அதன் இருபுறமும் கத்தி மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் விலகிப் போகும். நின்றிருக்கும்போது அதன் சமச்சீர் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பொடி மடிப்புகளில் அதைச் செய்தால் இன்னும் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

கம்பளியில் இப்போது உள்பக்க வேலை நடக்கிறது. மடிப்புகளின் முதுகில் குறுக்கே ஒரு வரிசை தையல் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டேன். அதன் பிறகு, மேற்பகுதியில் உள்ளே அடுக்கடுக்காகத் தங்கியிருந்த உபரித் துணியை வெட்டி எடுத்தேன். அது இருந்தால் இடுப்பு மூட்டை கட்டியதுபோல் புடைக்கும். இனி இழுவிசையைத் தாங்குவதற்கு கேன்வாஸ், அதன்மேல் லைனிங், பிறகு தோல் வாரும் பக்கிளும். மடிப்புகளுக்குக் குறுக்கே போட்ட தற்காலிக ஓட்டுத்தையலை இன்னும் பிரிக்கவில்லை. ஈரத்துணி வைத்துக் கடைசி இஸ்திரி போட்டு, முழுதாக ஆறிய பிறகுதான் அதைப் பிரிக்கவேண்டும்.