விடியற்காலை ஐந்தரை மணி ரீஸ்டார்ட்

சீனப் புத்தாண்டின் இரண்டு நாள் விடுமுறையில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகள் பலவற்றில் லைன் நிற்கும், ஓவன் ஆறும். எங்களைப் போன்ற வெளி ஒப்பந்தக்காரர்களுக்கு சர்வர் அறைக் கதவு திறப்பது அப்போதுதான். அந்த ஆண்டு எனக்கு வந்த வேலை, சர்க்கிட் போர்டு செய்யும் ஓர் ஆலையில் இயந்திரத் தரவைத் திரட்டும் ஓபிசி சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது. போர்டில் பாகங்களைப் பிடிக்கவைக்கும் சால்டர் என்ற உலோகக் கலவையை உருக்கும் ரீஃப்ளோ ஓவனின் பத்து மண்டலங்களும் எத்தனை டிகிரியில் ஓடுகின்றன என்று எடுத்துப் பதிவது இந்த சர்வர்தான். ஈயம் கலக்காத சால்டர் ஏறக்குறைய 217 டிகிரியில் உருகும். போர்டு அதைத் தாண்டி 240ஐ ஒட்டிச் சூடாக வேண்டும். குறைந்தால் இணைப்பு பிடிக்காது, கூடினால் பாகங்கள் பாழ். அந்த ஆலையில் ஒவ்வொரு போர்டின் சீரியல் எண்ணோடும் வெப்பப் பதிவு சேர்ந்தே போகும். பதிவு இல்லாத போர்டை வாடிக்கையாளர் வாங்க மாட்டார்.

முதல் நாள் மாலை ஏழு மணிக்கு இன்ஸ்டாலரை ஓட்டினேன். முக்கால்வாசிக்கு மேல் போனபின் ஒரு பிழைச் செய்தி வந்தது. அவசரத்தில் ரத்து செய்தேன். போட்டதையெல்லாம் அதுவே திரும்ப எடுத்துக்கொண்டு, கடைசியில் 1603 என்ற எண்ணைக் காட்டி நின்றது. நிறுவல் தோற்றது என்பதைத் தவிர அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. முழு விவர லாக் எழுதும்படி மறுபடி ஓட்டினேன். அந்த லாக்கின் கடைசிப் பக்கங்களில் மண்டையை உடைத்துக்கொள்வது வீண், அங்கே இருப்பதெல்லாம் போட்டதைத் திரும்ப எடுக்கும் ரோல்பேக் வேலைகள். ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடி, முதலில் அகப்படும் இடத்துக்கு மேலே உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். அங்கே இருந்தது பிழை 1920, சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) தொடங்கவில்லை என்று. விண்டோஸ் ஈவண்ட் லாக்கில் அதே நிமிடத்தில் 7041. சர்வீஸ் கணக்குக்கு இந்தக் கணினியில் அந்த வகையில் உள்நுழைய உரிமை தரப்படவில்லை.

காரணம் புரிந்தது. பழைய பதிப்பு விண்டோஸிலேயே இருக்கும், முழு அதிகாரம் கொண்ட லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடியது. அதற்குத் தனியாக உரிமை எதுவும் தர வேண்டியதில்லை. புதிய பதிப்பைக் குறைந்த அதிகாரம் கொண்ட ஒரு டொமைன் கணக்கில் (நிறுவன நெட்வொர்க்கின் பொதுக் கணக்கு) ஓட்டச் சொல்லியிருந்தார்கள், அது சரியான முடிவும்கூட. அந்தக் கணக்குக்கு ‘லாக் ஆன் அஸ் எ சர்வீஸ்’ உரிமை இல்லை. மூன்றாம் முறை 1920 வந்தபோது ரத்து செய்யவில்லை. அந்தப் பெட்டி திறந்திருக்கும்போதே சர்வீஸ் பட்டியலுக்குப் போய், கணக்கின் கடவுச்சொல்லை மறுபடி இட்டேன். உரிமை வழங்கப்பட்டது என்று விண்டோஸே சொன்னது. திரும்பி வந்து ‘ரீட்ரை’ அழுத்தினேன். பதினொன்றரைக்கு நிறுவல் முடிந்தது. பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் வீட்டுக்குப் போகும்போது மனம் லேசாக இருந்தது.

மறுநாள் சர்வரில் வரும் அளவீடு (டேக்) ஒவ்வொன்றையும் ஓவன் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது.

மூன்றாம் நாள் ஏழு மணிக்கு லைன் ஓட வேண்டும். என் பட்டியலின் கடைசி வேலை சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வது. விடியற்காலை ஐந்தரைக்குச் செய்தேன். விண்டோஸ் எழுந்தது, ஓபிசி சர்வீஸ் எழவில்லை. அதே 7041. நான் கொடுத்த உரிமை அங்கே இல்லை.

அப்போதுதான் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி திரையைத் திறந்தேன். முதல் இரவே திறந்திருக்க வேண்டிய திரை. அந்த உரிமைக்கான ‘சேர்’ பட்டன் மங்கிப் போய், அழுத்த முடியாமல் இருந்தது. யாருக்கு அந்த உரிமை என்பதை இந்த சர்வர் தீர்மானிக்கவில்லை, எல்லாக் கணினிகளுக்கும் விதிகளை அனுப்பும் தலைமையகத்தின் குரூப் பாலிசி தீர்மானிக்கிறது. பாலிசி 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக, வந்து பார்க்கும். மாற்றம் இல்லையென்றால் பேசாமல் போய்விடும். ஆனால் பாதுகாப்பு அமைப்புகளை மட்டும் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பதித்துவிடும். நான் சேர்த்த பெயர் அப்படித்தான் அழிந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த சர்வீஸை அது தொடவில்லை, அதனால் மறுநாள் முழுக்க எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. முதல் இரவே ரீஸ்டார்ட் செய்திருந்தால்கூட எழுந்திருக்கும், நானும் நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். உரிமையை எப்படிக் கொடுப்பது என்று தேடினேனே தவிர, அது ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு அன்று ஐந்து நிமிடம் போதும்.

சர்வீஸை லோக்கல் சிஸ்டத்துக்கு மாற்றினால் உடனே ஓடும். கை அங்கே போனது. ஆனால் அப்படி மாற்றியதை யாரும் திரும்ப மாற்றுவதில்லை. ஆலைகளில் ‘தற்காலிகமாக’ வைத்தவை ஏழெட்டு ஆண்டுகளாக அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டு, கோலாலம்பூரில் உள்ள ஐடி அதிகாரியை அழைத்தேன். புத்தாண்டுக்கு ஈப்போவில் அம்மா வீட்டில் இருந்தார். தூக்கத்தில் எடுத்தாலும் கோபப்படவில்லை, விஷயத்தை முழுக்கக் கேட்டார். பாலிசியில் அந்தக் கணக்கைச் சேர்க்க மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், எட்டு மணியாகும் என்றார்.

ஆறே முக்காலுக்குக் கம்பனி பஸ்கள் வந்தன. ஓவனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சுங்கை பட்டாணியிலிருந்து வருபவர். 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய காலத்தில் தோட்டத்தை விட்டு ஆலைக்கு வந்தவர் அவருடைய அம்மா. என் முகத்தைப் பார்த்ததும், “பசியாறியாச்சா தம்பி?” என்று கேட்டார். “இன்னும் இல்லக்கா, சர்வர் எழல” என்றேன்.

“ஓவன் நல்லாதான இருக்கு?”

“ஓவனுக்கு ஒன்னும் இல்ல. பதிவுதான் வராது.”

“அப்ப நான் எழுதுறேன். நீங்க அதைப் பாருங்க.”

தரப் பிரிவும் கைப்பதிவுக்கு ஒப்புக்கொண்டது. அக்கா ஒரு தாளில் ஸ்கேலை வைத்துப் பத்து கட்டங்கள் போட்டார். கால் மணிக்கு ஒரு முறை திரைக்கு முன்னால் நின்று, விரலால் ஒவ்வொரு எண்ணையும் தொட்டுத் தொட்டு எழுதினார். வெறும் கண்ணால் பார்த்து எழுதினால் வரிசை தவறும் என்றார். கூடவே அந்தக் கால் மணியில் போன முதல் போர்டு, கடைசி போர்டு இரண்டின் சீரியல் எண்களும்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஈப்போவிலிருந்து அழைப்பு வந்தது. பாலிசியை வலிந்து புதுப்பித்தேன், கணக்கின் பெயர் பட்டியலில் வந்தது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், சர்வீஸ் எழுந்தது. மறுபடி ஒருமுறை புதுப்பித்து, மறுபடி ரீஸ்டார்ட். எழுந்தது.

பிறகு அக்காவின் தாளை வாங்கி, அதிலிருந்த எண்களைத் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். 7:45 வரிசையில் ஒன்பதாம் மண்டலத்துக்கு 259 என்று எழுதி, அடித்து, 258 என்று திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். சர்வரின் முதல் பதிவு 8:21க்கு. அதிலும் ஒன்பதாம் மண்டலம் 258.