கல்லீரல் செல்லின் ஒரு நாளை அளந்த கதை

என் முனைவர் பட்ட வேலையில் பெரும்பகுதியை ஒரு கேள்வி எடுத்துக்கொண்டது: சுண்டெலியின் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா (ஆற்றல் தருவது), எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் (புரதமும் கொழுப்பும் தயாராகும் சவ்வு வலை) போன்ற நுண்ணுறுப்புகள் ஒரு நாளுக்குள் எவ்வளவு மாறுகின்றன? இதே மாதிரி, நாளின் பல நேரங்களில் திசு எடுத்து ஒப்பிடும் நேரவரிசைச் சோதனையில் இறங்கப்போகும் ஜூனியர்கள் அடிக்கடி கேட்பதால், ஆய்வுக் கட்டுரையில் இடம் கிடைக்காத சங்கதிகளை இங்கே எழுதுகிறேன்.

உடலின் ஒரு நாள் சுற்றை நடத்தும் உயிர்க்கடிகாரம் என்றால் மூளையின் அடியில் இருக்கும் சுமார் 20,000 நரம்புச் செல்கள் மட்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 1998-இல் ஜெனீவாவில் உயிரியலாளர் ஷிப்லரின் குழு, தட்டில் வளர்த்த எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களுக்கு ஒருமுறை நிறைய சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) கொடுத்தது. அதற்குப் பிறகு கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களின் செயல்பாடு ஒரு நாள் சுற்றில் தானாகவே ஏறி இறங்கியது. மூளையே இல்லாத தட்டு அது. கல்லீரலுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அது வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அதிகம் செவிசாய்க்கும்.

இந்த ஒரு விஷயம்தான் சோதனை முழுக்க நம்மைப் படுத்தும்.

முதலில் திட்டம். 4 மணி நேரத்துக்கு ஒரு சுண்டெலிக் குழு என்றால் ஒரு நாளுக்கு 6 குழு. மரபணுத்தொகுதி அளவிலான சோதனைகளுக்கு 2017-இல் வந்த வழிகாட்டுதல், 2 மணி நேர இடைவெளியில் 48 மணி நேரம் என்கிறது. அப்படியென்றால் 24 குழு. ஆர்.என்.ஏ (மரபணுக்களின் நகல்) எடுப்பவர்களுக்கு அது சரி. திசுவை உறையவைத்துப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். மூச்சுவிடும், அதாவது இன்னும் வேலைசெய்யும் மைட்டோகாண்ட்ரியா வேண்டுமென்றால் உறையவைக்க முடியாது, சவ்வு கிழிந்துவிடும். அன்றன்றைக்கே பிரித்தாக வேண்டும். ஆகவே 6 குழுவோடு நிறுத்திக்கொண்டோம். விலங்கு நெறிமுறைக் குழுவும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அனுமதி தரும்.

இரவெல்லாம் விழித்திருக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். இரண்டு ஒளிப்பெட்டி வைத்துக்கொண்டால் போதும்: ஒன்றில் காலை 7 மணிக்கு விளக்கு எரியும், மற்றதில் மாலை 7 மணிக்கு. புதிய நேரத்துக்குச் சுண்டெலிகள் பழக இரண்டு வாரமாவது விட வேண்டும். அப்புறம் பகலிலேயே ஒரே மேசையில் 'பகல்' கல்லீரலும் 'இரவு' கல்லீரலும் கிடைக்கும். தூக்கத்தைவிட முக்கியமான லாபம் ஒன்று இதில் உண்டு. காலை மாதிரிகளைத் தெளிவான கையும், விடியற்காலை மாதிரிகளைச் சோர்ந்த கையும் பிரித்தால், அந்த வித்தியாசமே நாள் தாளம் (ஒரு நாள் சுற்றில் வரும் ஏற்ற இறக்கம்) மாதிரி வரைபடத்தில் வந்து நிற்கும். இருட்டுப் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் மங்கலான சிவப்பு விளக்கு.

அடுத்து கிளைகோஜன், அதாவது கல்லீரல் சேமித்துவைக்கும் சர்க்கரை. கல்லீரலைக் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் அரைத்து, மையவிலக்குக் கருவியில் மெதுவாகச் சுழற்றினால் உட்கரு அடியில் தங்கும். 10,000 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்கு விசையில்) மைட்டோகாண்ட்ரியா இறங்கும். மிச்சத்தை 100,000 ஜி-யில் சுழற்றினால் ரெட்டிகுலத்தின் துணுக்குகள் படியும். பகலின் கடைசியில் எடுத்த குழாயில் பழுப்பான, அடக்கமான படிவு. இரவின் கடைசியில், அதாவது சுண்டெலி வயிறாரச் சாப்பிட்ட பிறகு எடுத்ததில், அந்தப் பழுப்புக்கு அடியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக ஒரு திட்டு. எல்லாம் கிளைகோஜன். இதைத் தவிர்க்கத்தான் பழைய செய்முறைகள் 'முந்தின இரவு பட்டினி போடவும்' என்கின்றன. நாம் பட்டினி போட்டால் நாம் அளக்க வந்த தாளமே கலைந்துவிடும். அதனால் மேலிருக்கும் பழுப்பு அடுக்கை மட்டும் பிரஷ்ஷால் மெல்லக் கலக்கி எடுத்து, மறுபடி கழுவிச் சுழற்றினோம். கை பழகும்வரை எரிச்சல்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அதே கிளைகோஜன் செல் முழுக்கக் கறுப்புக் கொத்துகளாகப் பரவி, ரெட்டிகுலத்தின் அடுக்குகளை ஓரம் தள்ளியிருந்தது.

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுவும் அல்ல, மாதிரிகளை ஒப்பிட அளந்த எண்ணை 'எதனால் வகுப்பது' என்ற கேள்வி. ஒரு கிராம் கல்லீரலுக்கு இவ்வளவு மைட்டோகாண்ட்ரியா என்று சொல்லலாமா? கிளைகோஜனும் அதோடு வரும் தண்ணீரும் எடையை மாற்றுகின்றன. மொத்தப் புரதத்தால் வகுக்கலாமா? 2017-இல் ஜெனீவாவிலிருந்தே வந்த இன்னொரு ஆய்வு, இரவில் சாப்பிடும் சுண்டெலியின் கல்லீரல் செல்களே இரவில் பெருத்துப் பகலில் சிறுக்கின்றன, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களும் மொத்தப் புரதமும் கூடவே ஏறி இறங்குகின்றன என்று காட்டியது. பகலில் மட்டும் தீனி போட்டால் அந்த ஏற்ற இறக்கம் போய்விடுகிறது. சரி, எல்லோரும் அளவுகோலாக வைக்கும் ஆக்டின் என்ற புரதம்? ஃபைப்ரோபிளாஸ்டில் ஆக்டின் இழைகளுக்கும் நாள் தாளம் உண்டு என்று அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் குழு சொல்லிவிட்டது. கல்லீரலில் அதை நம்பிப் பந்தயம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் டிஎன்ஏ-வுக்கு வந்தோம். வளர்ந்த சுண்டெலியின் கல்லீரல் செல்கள் அபூர்வமாகத்தான் பிரிகின்றன, ஒரே நாளில் டிஎன்ஏ அளவு பெரிதாக நகராது. அரைத்த உடனே, சுழற்றுவதற்கு முன், ஒரு துளி எடுத்து வைத்து அதில் டிஎன்ஏ அளந்தோம். அதோடு அரைப்பிலும் படிவிலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் சிட்ரேட் சிந்தேஸ் நொதியை அளந்தால், எவ்வளவு மைட்டோகாண்ட்ரியா கைக்கு வந்தது, எவ்வளவு வழியில் போனது என்று தெரியும். இந்தக் கணக்கைப் போட்டதும், முதலில் அழகாகத் தெரிந்த சில தாளங்கள் தட்டையாகிவிட்டன. வேறு சில அப்படியே நின்றன. கட்டுரைக்குப் போனவை நின்றவை மட்டும்தான், அதுவும் ஒவ்வொரு வரைபடத்தையும் புரதத்தால் ஒருமுறை, டிஎன்ஏ-வால் ஒருமுறை என்று இரண்டு விதமாக வகுத்துக் காட்டிய பிறகு.

அந்தத் துளியை எடுக்க மறக்காதீர்கள். குழாய் மையவிலக்குக் கருவியின் ரோட்டருக்குள் போன பிறகு அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.